எழுதின தப்பு உங்களோடது, கோர்ட் ஃபீஸ் மட்டும் எங்களோடதா?

"இது உரிமை சம்பந்தப்பட்ட பிரச்சினை என்பதால் மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்." தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் இந்த வரியை ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து வைத்திருப்பார்கள் போல. பட்டாவில் பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் ஏறியிருக்கிறது என்று மனு கொடுத்தாலும் இதே வரி. பத்திரத்தில் 33 சென்ட், கணினிப் பட்டாவில் 26 சென்ட் என்று காட்டினாலும் இதே வரி. ஏன் சார், அதை மாற்றி எழுதினது யார்? நிலத்துக்காரனா வந்து உங்கள் பதிவேட்டில் கை வைத்தான்?

இந்தக் கூத்தில் பெரும்பகுதிக்குப் பிள்ளையார் சுழி போட்டது யு.டி.ஆர். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். ஏக்கர், சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர், ஏருக்கு (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்) மாறியது, புது உட்பிரிவு எண்கள் வந்தன, பட்டாதாரர் பெயர்கள் புதிதாக ஏறின. எல்லாம் கையால் எழுதியது. 33 சென்ட் என்பது சுமாராக 0.13.50 ஹெக்டேர், அதாவது பதின்மூன்றரை ஏர். எழுதுகிறவர் அந்த 3-ஐ 0 ஆக்கி 0.10.50 என்று போட்டால் முடிந்தது கதை. மூன்று ஏர், அதாவது 7 சென்ட்டுக்கு மேல், கிட்டத்தட்ட 3,200 சதுர அடி காணாமல் போய்விடும். அந்தப் பக்கத்தைத்தான் பின்னாளில் அப்படியே கணினியில் ஏற்றினார்கள். பிழைக்கு இப்போது கியூஆர் கோடு வேறு இருக்கிறது.

சரி, திருத்துங்கள் என்று போனால்? யு.டி.ஆர். பிழைத் திருத்த மனு டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) அலுவலகத்திலிருந்து ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று படிப்படியாக இறங்கும். அதே படியில் அறிக்கையாக ஏறவும் வேண்டும். நடுவில் ஒருவர் மாறுதலாகிப் போனால் கோப்பு முதலிலிருந்து. மனுவோடு யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டு (கிராமத்து நிலங்களின் விவரமும் பட்டாதாரர் பெயரும் உள்ள பதிவேடு) நகல் வேண்டும், பழைய சர்வே எண்ணுக்கும் புது எண்ணுக்குமான ஒப்பீட்டு விவரம் வேண்டும், தாய்ப்பத்திரம் வேண்டும், இடைவெளி இல்லாத வில்லங்கச் சான்று வேண்டும். இதில் முதல் இரண்டும் யாரிடம் இருக்கின்றன? அவர்களிடமே! அவர்கள் பதிவேட்டு நகலை அவர்களிடமே காசு கட்டி வாங்கி அவர்களிடமே கொடுக்க வேண்டும். நகல் கேட்டால் "பதிவேடு சிதிலமடைந்துள்ளதால் வழங்க இயலவில்லை" என்று பதில் வரும். சிதிலமாக விட்டதும் நாம்தான் போலிருக்கிறது.

அந்தப் பக்கம் பதிவுத் துறை. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வாங்கிக்கொள்வார்கள். விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று பார்ப்பது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றமே சொல்லி, மூலப் பத்திரம் கேட்கச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ(1) விதியை ரத்து செய்துவிட்டது. இன்னொரு பக்கம், பட்டா வரி வசூலுக்கான பதிவுதான், அதை வைத்து உரிமை வராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆக, பத்திரத்துக்கும் அரசு உத்தரவாதம் இல்லை, பட்டாவுக்கும் இல்லை. ஆனால் பட்டா இல்லாமல் வங்கிக்குப் போய்ப் பாருங்கள், வீட்டு வரைபட அனுமதி கேட்டுப் பாருங்கள், தெரியும். வில்லங்கச் சான்றும் அப்படித்தான். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதிவாகாத உயிலும் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது.

உரிமைத் தகராறு உண்மையிலேயே இருந்தால் அதிகாரி தீர்ப்பு சொல்லக் கூடாது, சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது சரியான சட்டம். இரண்டு கிரயப் பத்திரங்கள் மோதினால் தாசில்தார் என்ன செய்வார்? அதில் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பழைய 'அ' பதிவேட்டில் ஒரு பெயர், அதற்குப் பிறகு விற்பனையே இல்லை, யு.டி.ஆரில் மட்டும் வேறு பெயர் என்றால் அதில் என்ன உரிமைத் தகராறு? எதிர்த்தரப்பு ஒரு வெள்ளைத்தாளில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாலே போதும் என்று கோப்பை மூடுவது சட்டமா, கைகழுவலா?

கோர்ட்டுக்குப் போனால் அரசையும் எதிர்வாதியாகச் சேர்ப்பது வழக்கம். அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் அனுமதி மனு தனி. பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும்போது வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்டால் நிற்காது. உரிமையில் சந்தேகம் கிளப்பப்பட்டால் விளம்புகையும், அதாவது சொத்து என்னுடையதுதான் என்று கோர்ட் அறிவிப்பதையும், கேட்க வேண்டும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 40 லட்சம் மதிப்புள்ள மனைக்கு விளம்புகையும் தடையுத்தரவும் கேட்டால், கோர்ட் ஃபீஸ் பாதி மதிப்புக்கு 3 சதவீதம்: 60,000 ரூபாய். சுவாதீனமும் (நிலத்தைத் திரும்ப நம் கையில் ஒப்படைப்பது) கேட்டால் முழு மதிப்புக்கு, 1,20,000. எழுத்தர் ஒரு 3-ஐ 0 ஆக்கியதற்கு! அதோடு, 1984-லேயே பட்டா மாறிவிட்டது, வழக்குப் போட மூன்று வருடக் காலவரம்பு முடிந்தது என்று எதிர்த்தரப்பு முதல் பத்தியிலேயே எழுதும். வழக்குத் தரப்பில் ஒருவர் இறந்து 90 நாளில் வாரிசுகளைச் சேர்க்காவிட்டால் அவர் அளவில் வழக்கு அற்றுப்போகும். இடத்தைப் பார்த்து அளக்க கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரைப் போட்டால் தாலுகா சர்வேயருக்கு நேரம் இருக்காது. வந்தால் புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடம்) உட்பிரிவே ஏறியிருக்காது.

இதையெல்லாம் தாண்டி டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கினால்? "டிக்ரியில் பழைய சர்வே எண் இருக்கிறது, எங்கள் கணக்கில் புது எண் அல்லவா" என்பார்கள். அதனால் வழக்குப் போடும்போதே சொத்து விவரத்தில் பழைய எண், புது எண், உட்பிரிவு, சென்ட், ஏர், நான்கு எல்லை எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். வக்கீல் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள். அடுத்து, மேல்முறையீடு செய்யலாமா என்று அரசு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டிருக்கிறோம் என்று கோப்பு உறங்கும். 1983-ஆம் வருடப் பட்டா பாஸ்புக் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நீதிமன்ற விளம்புகைக்கு ஏற்ப பதிவைத் திருத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. திருத்தலாம் என்று சொல்லவில்லை. டிக்ரி நகலோடு அந்தப் பிரிவையும் மனுவில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். ஆமாம், அதற்கும் செலவு நம் கையிலிருந்துதான்.