கறுப்புப் பட்டி எடுத்த பிள்ளைக்கு அடி தடுக்கத் தெரியுமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சனிக்கிழமை காலை ஏதாவது பாடசாலை ஹோலைத் தாண்டிப் போனால், வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று "இச், நி, சான்" என்று எண்ணிக் குத்துகிற சத்தம் கேட்கும். கொழும்பில் எங்கள் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை என்றால் முதலில் கராத்தேதான். இது உண்மையான சண்டைக்கு உதவுமா என்று கேட்டால் ஒரு பக்கம் "உதவும்" என்கிறது, மறுபக்கம் "எல்லாம் டான்ஸ்" என்கிறது. கலையின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தன்னை உண்மையாகவே அடிக்கப் பார்க்கிற ஒருவருக்கு முன்னால் அந்தப் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறது? அதைச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

பெரும்பாலான வகுப்புகளில் சோடிப் பயிற்சி என்றால் இப்பொன் குமித்தே. ஒருவர் தூரத்தில் நின்று "ஜோதான்" என்பார். முகத்துக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். பிறகு நீண்ட ஓரடி வைத்து வலக்கையால் குத்துவார். குத்திய கை அப்படியே நீட்டியபடி நிற்கும். மற்றவர் ஓரடி பின்னுக்குப் போய், முன்கையால் மேலே தட்டி, மற்றக் கையால் வயிற்றில் ஒரு குத்து வைப்பார். பார்க்க அழகு. பிழை அந்த நீட்டிய கையில் இருக்கிறது. ரோட்டில் குத்துகிறவன் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க மாட்டான். போன வேகத்தில் கை திரும்பிவிடும். பல நேரம் அது நேராகவும் வராது. இடக்கையால் சேர்ட் கொலரைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பான், வலக்கையால் பக்கவாட்டாக மூன்று நான்கு தடவை விடாமல் வீசுவான். கொலரில் பிடி விழுந்த கணமே பின்னுக்குப் போகிற அந்த ஓரடி இல்லை. வருடக்கணக்காகப் பழகிய தடுப்பு முழுக்க அந்த ஓரடியை நம்பித்தான் இருந்தது.

இன்னொன்று, குத்தாத கையை இடுப்பில் இழுத்து வைப்பது. ஹிக்கித்தே என்பார்கள். எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவனுடைய நிலையைக் குலைத்துக்கொண்டு மற்றக் கையால் அடிப்பதற்குப் பொருந்துகிற அசைவு அது. பிடிக்க ஒன்றுமில்லாமல் வெறுங்கையை இடுப்புக்குக் கொண்டுபோனால், முகத்தின் ஒரு பாதியைத் திறந்து கொடுத்ததுதான் மிச்சம். கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒக்கினாவாவில் 1900களின் தொடக்கத்தில் கராத்தே ஆசான் இத்தோசு அன்கோ கராத்தேயைப் பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தபோது, அது கூட்டமாகச் செய்யக்கூடிய உடற்பயிற்சியாக மாறியது. நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழக்க அது நல்ல வழி. ஆனால் பிடி, இழுவை, நெருக்கத்தில் நின்று அடிபடுவது எல்லாம் அந்த வரிசைக்குள் அடங்காது. எங்கள் ஹோல்களில் இன்றும் அந்த வரிசைதான் நிற்கிறது.

"எங்கட பிள்ளை போட்டியில் பதக்கம் எடுத்தது" என்பார்கள். நல்லது. வேகம், தூரம் பிடிப்பது, பதற்றத்தில் மூச்சு விடுவது எல்லாம் போட்டியில் வரும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்துகிறார். நிறுத்திய இடத்தில் உடம்பும் நின்று பழகுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஓகஸ்டில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு இறுதிப்போட்டியில் சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் தலைப்பக்கம் விட்ட உதையில் ஈரானின் சஜாத் கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார். அளவுக்கு மீறிய தாக்குதல் என்று ஹமேதி தகுதி நீக்கப்பட்டார், விழுந்தவருக்குத் தங்கம் போனது. விளையாட்டின் விதிப்படி அது சரியான தீர்ப்பு. அந்த விதிக்குள் மட்டும் பழகுகிற பிள்ளையின் உடம்பு எதைப் படிக்கிறது என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

அடுத்தது நான் அடிக்கடி கேட்கிற வாதம்: "எங்கள் அடிகள் உயிராபத்தானவை, அதனால் ஒருவருக்கொருவர் முழு வேகத்தில் பழக முடியாது." இதற்கான பதிலை கானோ ஜிகோரோ 1882இலேயே கொடுத்துவிட்டார். பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜூஜுட்சுவிலிருந்து அவர் கொடோகன் ஜூடோவை உருவாக்கியபோது, ஆபத்தான அடிகளையும் சில மூட்டுப் பூட்டுகளையும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிஞ்சிய எறிதல்களை, எதிர்க்கிற ஆள்மேல், முழுப் பலத்தோடு, ஒவ்வொரு நாளும் செய்ய வைத்தார். அதுதான் ரன்தோரி. கண்ணில் குத்துவது ஆபத்தான அடிதான். ஆனால் அதை யார்மேலும் செய்து பார்க்காதவனுக்கு, அசைகிற தலையில் கண் எங்கே வரும் என்றே தெரியாது. நூறு பேரை உண்மையாகவே எறிந்தவனின் சாதாரண எறிதல் அதைவிட நம்பகமானது. எங்கள் பழைய சண்டைக் கலைகளான சிலம்பத்துக்கும் சீனடிக்கும் இதே அளவுகோல்தான். தனியாகக் கம்பு வீசுவது உடம்புக்கு நல்லது, ஆனால் எதிரே இன்னொரு கம்பு வராமல் அடியும் தடுப்பும் கைக்கு வராது.

அப்படியானால் கராத்தேயை விட்டுவிடுவதா? வேண்டாம். அதே இப்பொன் குமித்தேயை நாலு படியாக மாற்றலாம். முதலில், குத்துகிறவர் கையை உடனே திருப்பி எடுக்கட்டும். அடுத்த கிழமை, முதல் குத்துக்குப் பிறகு அறிவிக்காமல் இரண்டாவது குத்தும் வரட்டும். மூன்றாவது, குத்துகிறவர் கொலரையோ சட்டைக் கையையோ பிடித்தபடி தொடங்கட்டும். அங்கே முழங்கைகளை ஒடுக்கி, நாடியைத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் தலையைக் கவசம்போல மூடி, உள்ளே ஒட்டி நிற்கப் பழக வேண்டும். பின்னுக்குப் போனால் வீச்சு முழு வேகத்தில் முகத்தில் விழும். நாலாவது, யார் முதலில் அடிப்பார் என்று இருவருக்கும் தெரியாமல் இரண்டு நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. பெரியவர்களுக்கு 16 அவுன்ஸ் கையுறை, வாயில் பல் கவசம், ஆண்களுக்கு இடுப்புக் கவசம். பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் அடி வேண்டாம், உடம்புக்கு மட்டும். தலையில் பட்டு ஒருவருக்குத் தலைசுற்றினால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். "ஒண்டுமில்லை, எழும்பு" என்று சொல்கிற மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கைமுட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுத் துணியும் கையுறையும் இல்லாமல் நெற்றியில் குத்தினால் பெரும்பாலும் உடைவது சின்ன விரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு. 1988இல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனே நியூயோர்க் தெருவில் நடந்த கைகலப்பில் கையெலும்பை முறித்துக்கொண்டார். தலைக்கு உள்ளங்கை அடி, உடம்புக்கு முட்டி என்று பழகுங்கள்.

கத்தியைப் பற்றிச் சுருக்கமாக: கத்தி பறிக்கப் பழக்குகிற வகுப்புக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் கையில் சிவப்பு மார்க்கர் பேனை, மற்றவர் வெள்ளை ரீசேர்ட், முப்பது செக்கன். குத்துகிறவர் கையைத் திருப்பி எடுத்துத் திரும்பத் திரும்பக் குத்தலாம். முடிந்ததும் கழுத்து, வயிறு, அக்குள் பக்கம் விழுந்த கோடுகளை எண்ணுங்கள். பாடத்தில் பறித்த கை, இங்கே மணிக்கட்டைக்கூடப் பிடித்திருக்காது. கத்தியைக் கண்டால் ஓடுவது. ஓட வழியில்லை என்றால் மட்டும் இரண்டு கையாலும் கத்திக் கையை மணிக்கட்டில் பிடித்து நெஞ்சோடு ஒட்ட வைப்பது. வேறு வித்தை வேண்டாம்.

பெண் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் பஸ்ஸை நினைத்துத்தான் அனுப்புகிறோம். காலி வீதியில் மாலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையிலிருந்து வருகிற 100 இலக்க பஸ்ஸில் உதைக்கக் கால் தூக்க இடமே இல்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும், மற்றக் கையில் பை. அங்கே பயன்படுவது குரலும் முழங்கையும். "அத்த அயின் கரன்ன" (கையை எடுங்கள்) என்று சிங்களத்தில், முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட வகுப்பில் வைத்தே பழக்குங்கள். தனியாகச் செய்கிற கத்தா என்ற அசைவுத் தொடரில் "கியாய்" என்று கத்துகிற பிள்ளைக்குக்கூட, அந்நிய ஆளின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முதல் தடவை குரல் எழும்பாது. இருபது தடவை சொன்னால் எழும்பும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை தற்பாதுகாப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான அளவைவிடக் கூடுதலான தீங்கை அது அனுமதிப்பதில்லை. எலும்போ பல்லோ உடைந்தால் அது கடுங்காயம். விழுந்தவனை மேலும் மிதித்தால் தற்பாதுகாப்பு என்று சொல்வது கடினம். கொங்கிரீட்டில் தலையின் பின்பக்கம் அடிபட விழுகிறவன் எழும்பாமலே போகலாம். அதனால்தான் எறியப் பழக்குகிற வகுப்பில் விழவும் பழக்குகிறார்கள்: நாடி நெஞ்சில், முதுகு வளைந்து, கை நிலத்தில் தட்டி.

புதிதாக வகுப்புத் தேடுகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய்க் கடைசி இருபது நிமிடம் இருந்து பாருங்கள். பெல்ட் சோதனைக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் அடுத்த நிறம் என்பதைப் பிறகு கேட்கலாம். சோடியாக நிற்கிற பிள்ளைகளில் யாராவது தடுக்கத் தவறுகிறார்களா என்று பாருங்கள். யாருமே தவறவில்லை என்றால் அங்கே யாரும் அடிக்கவில்லை.