ஃபைனல் ப்ராஜெக்ட்டில் விடிகாலை ஐந்தரை மணிக்கு எத்தனை மார்க்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றாலே எனக்கு ஒரு சி.டி.தான் ஞாபகம் வரும். 2008. நாங்கள் நாலு பேர் ஒரு பேட்ச். ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ‘ஐ-ட்ரிபிள்-ஈ டைட்டில்’ ஒன்று வாங்கினோம். அதாவது, ஐ-ட்ரிபிள்-ஈ என்ற பொறியாளர் அமைப்பின் ஆய்வுக் கட்டுரைத் தலைப்பில் ஒரு ரெடிமேட் ப்ராஜெக்ட். சோர்ஸ் கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும், எல்லாம் சேர்த்துத்தான் ரேட். வைவாவுக்கு முந்தின ராத்திரி சோர்ஸ் கோடைத் திறந்தால், லாகின் பக்கத்துக்கு அடியில் வேறொரு கல்லூரியின் பெயர். அதை அழித்துவிட்டு எங்கள் கல்லூரிப் பெயரை அடித்தோம். அந்த ப்ராஜெக்ட்டில் நாங்கள் சொந்தமாக எழுதியது அந்த ஒரு வரிதான். நல்ல மார்க் வந்தது. நாலு பேருக்கும் ஒரே மார்க்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டும் சொல்லவில்லை. மார்க் எதற்குக் கிடைக்குமோ அதை வாங்கினோம், அவ்வளவுதான்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். 2017-லிருந்து மாணவர்கள் டீமாகப் பிரச்சினைகளுக்குத் தீர்வு செய்து காட்டும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டி நடக்கிறது. 2022-ல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் ‘இன்னொவேஷன் செல்’ என்று ஒரு போர்டு தொங்குகிறது. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் ‘இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்’ என்று சொல்லி, சால்வை போட்டு, ப்ராஜெக்ட் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். நாலைந்து வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பாதி டீம் முகத்தை வைத்து அட்டெண்டன்ஸ் எடுக்கும். மீதியில் பாதி, செடியின் இலையைப் படம் பிடித்து நோய் சொல்லும். எந்தச் செடி, யார் தோட்டம் என்று கேட்டால், “டேட்டாசெட் சார்” என்பார்கள், அதாவது நெட்டில் ரெடியாகக் கிடக்கும் படத் தொகுப்பு.

அப்படிப் போன ஓர் இடத்தில், மேற்கு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில், பார்த்த டீமைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஒரு பெண்ணின் அம்மா ஊர் பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர். அதனால் பால் கணக்குக்கு ஒரு ஆப். முதல் ரிவ்யூவில் லாகின், டாஷ்போர்டு, கொழுப்பு அளவுக்கு ஒரு கிராஃப் எல்லாம் காட்டி சபாஷ் வாங்கியிருக்கிறார்கள்.

பிறகுதான் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு நாலு பேரும் சொசைட்டி வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். வரிசையில் நின்ற ஒரு பெரியம்மாவிடம் ஆப்பைக் காட்டினால், “எம் போன்ல படமெல்லாம் வராது கண்ணு” என்று பட்டன் போனை நீட்டியிருக்கிறார். அடுத்து சுருக்குப் பையைப் பிரித்து மடித்து வைத்திருந்த பால் சீட்டுகளைக் கொட்டினாராம். எல்லாம் வெள்ளைக் காகிதம். சொசைட்டியின் சீட்டு மெஷின் சூட்டில் அச்சடிப்பது. இடுப்புச் சூட்டிலும் வேர்வையிலும் ஒரு வாரத்தில் எழுத்து மங்கிவிடும். பணம் கைக்கு வருகிற அன்றைக்கு, கணக்குப் பார்க்க அவரிடம் ஒன்றுமே இருக்காது. கிராஃப் வேண்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அழியாத சீட்டுதான் தேவைப்பட்டது.

ஆப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எஸ்எம்எஸ்ஸுக்குப் போனார்கள். அங்கே இரண்டு முட்டுக்கட்டை. தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துதான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. அது பரவாயில்லை, சுருக்கி எழுதிவிடலாம். ஆனால் மொத்தமாக அனுப்புவதற்கு தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புகிறவர் பெயரையும் வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும். நாலு மாணவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. அதோடு பெரியம்மாவுக்குப் படிக்கவும் தெரியாது. கடைசியில் மிஸ்டு கால் என்று முடிவாகியிருக்கிறது. அவர் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பார், அந்த நம்பர் திருப்பிக் கூப்பிட்டு இதுவரை எத்தனை லிட்டர், எவ்வளவு பணம் என்று குரலில் சொல்லும்.

அதற்கு, சிம் போட்டால் போன் போல வேலை செய்யும் ஒரு சின்ன ஜிஎஸ்எம் போர்டு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு நாள் அது வேலையே செய்யவில்லை. சோர்ஸ் கோடை மூன்று தரம் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டார்கள். விஷயம் என்னவென்றால் போர்டு 2ஜி, அவர்கள் போட்டது 4ஜியில் மட்டும் ஓடும் சிம். எந்த சிலபஸிலும் இல்லாத இந்தப் பாடம் அந்த நாலு பேருக்கும் ஆயுசுக்கும் மறக்காது.

குரல் அந்தப் பெண்ணுடையதுதான். ஒன்று, இரண்டு என்று எண்களைப் பதிவு செய்து ஒட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். போர்டு, “ஆயிரம் முந்நூறு நாப்பது ஏழு” என்று பேசியிருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு, “இது என்னடி, சில்லறை எண்ற மாதிரி?” என்று சிரித்தாராம். நூறு தனியாக நின்றால் நூறு, பக்கத்தில் ஒன்று வந்தால் நூத்தி. நாப்பது, நாப்பத்தி. ஆயிரம், ஆயிரத்தி. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் இப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் சார் தெரிந்தது என்றாள். ஒவ்வொன்றையும் இரண்டு வடிவத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் சண்டை வேறு. டேட்டாபேஸ் பார்த்த பையனும் கணக்குப் பகுதி எழுதிய பையனும் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டேன், சிரித்துக்கொண்டே மழுப்பினார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒருவன் பாலை கிலோவில் சேமித்திருக்கிறான், மற்றவன் அதை லிட்டர் என்று நினைத்துப் பெருக்கியிருக்கிறான். ஒரு லிட்டர் பால் கிட்டத்தட்ட 1.03 கிலோ. நூறு ரூபாய்க்கு மூணு ரூபாய் அதிகம் காட்டியது. சொசைட்டிக்காரர் ஏமாற்றுகிறார் என்று முதலில் கொதித்திருக்கிறார்கள், பிறகுதான் தப்பு தங்கள் பக்கம் என்று தெரிந்திருக்கிறது. ஒரு குழு தனக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறதோ அதே அமைப்புதான் அது கட்டும் சிஸ்டத்துக்கும் வரும் என்று மெல்வின் கான்வே என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1968-லேயே எழுதிவிட்டார். எங்கள் ஆபீஸில் இதைச் சொல்லி டிரெய்னிங் நடத்துவார்கள். இவர்களுக்கு மூணு ரூபாய் சொல்லிக் கொடுத்தது.

கூட்டாகச் செய்து கற்பது என்றால் எனக்கு இதுதான். வேலையை நாலு துண்டாக்கி, “நீ ஃப்ரண்ட் எண்ட், நீ ரிப்போர்ட்” என்று பிரித்துக்கொண்டு, கடைசி ராத்திரி வாட்ஸாப்பில் ஜிப் ஃபைல் அனுப்பிக்கொள்வதற்குப் பெயர் டீம் இல்லை, பங்கு போடுவது. அந்தப் பங்கில் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் ரிப்போர்ட்டும் பிபிடியும்தான். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் டீமில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அந்த ஒரு பெயருக்காக மட்டும் கடைசி நாளில் போன் வந்த கதையை எத்தனை பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

ஸ்டான்ஃபோர்டில் 2007-ல் ஒரு வகுப்பு. குறைமாதக் குழந்தையைச் சூட்டில் வைத்துக் காக்கும் இன்குபேட்டர் பெட்டியை விலை குறைவாகச் செய்யுங்கள் என்று ஒரு மாணவர் டீமுக்குச் சொன்னார்கள். நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால் நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடக்கின்றன. குறைமாதக் குழந்தைகள் பிறப்பதோ கிராமத்து வீடுகளில். இன்குபேட்டரை விட்டுவிட்டு, மெழுகு போன்ற ஒரு பொருளைச் சூடாக்கி வைத்தால் சில மணி நேரம் உடல் சூட்டைக் காக்கும் குட்டிப் படுக்கைப் பை ஒன்றைச் செய்தார்கள். ஜேன் சென், ராகுல் பணிக்கர் முதலியோரின் அந்த வகுப்பு வேலைதான் பிறகு எம்ப்ரேஸ் என்ற நிறுவனம் ஆனது. கேட்டது ஒன்று, கொண்டு வந்தது வேறொன்று. நம்மூரில் இப்படிச் செய்தால், “ஆரம்பத்தில், ஜீரோத் ரிவ்யூவில் கொடுத்த டைட்டிலை எப்படி மாற்றலாம்?” என்று கேட்பார்கள்.

பால் டீமையும் அப்படித்தான் கேட்டார்கள். என்னோடு உட்கார்ந்திருந்தவர், “இதுல ஏஐ எங்க இருக்கு? ஸ்க்ரீனே இல்லையே” என்றார். மார்க் ஷீட்டில் யுஐ-க்கு, அதாவது பயன்படுத்துகிறவர் கையாளும் முகப்புக்கு, 20, பிரசென்டேஷனுக்கு 20. ஸ்க்ரீன் இல்லாத ப்ராஜெக்ட்டுக்கு யுஐ-யில் என்ன போடுவது? காதில் கேட்கிற “நூத்தி”யும் யுஐ-தான் என்று நான் வாதாடினேன், எடுபடவில்லை. முதல் பரிசு முகம் பார்க்கும் அட்டெண்டன்ஸுக்குப் போனது. அது என் முகத்தை ஹெச்.ஓ.டி. என்று அடையாளம் காட்டியது.

நான் மார்க் ஷீட் போட்டால் ஒரே ஒரு கேள்விக்குப் பாதி மார்க் வைப்பேன்: பாதியில் எதைத் தூக்கிப் போட்டீர்கள், யாரைப் பார்த்த பிறகு? காசு கொடுத்து வாங்கிய சி.டி.யில் இதற்குப் பதில் இருக்காது. 2008-ல் எங்களைக் கேட்டிருந்தால் நாலு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

போன மாதம் அந்தப் பெண்ணிடம் பேசினேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் அந்த நம்பர் செத்துவிட்டதாம். ஜூனியர்கள் இரண்டு பேர் அதையே தொடர்கிறோம் என்று கேட்டதற்கு, போன வருஷ டைட்டில், ரிப்பீட் ஆகக்கூடாது என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டாராம். பிறகு அவர்கள் ‘ஏஐ’ என்ற வார்த்தையை டைட்டிலுக்கு முன்னால் சேர்த்துக் கொடுக்க, மறுநாளே கையெழுத்தாகிவிட்டது. போர்டு அதேதான். சிம் மட்டும் புதுசு.