பைபிள் வசன இசைன்னா தூங்க வைக்கிற இசை மட்டும்தானா?

யூடியூப்ல தியான இசைன்னு தேடினா மணிக்கணக்கா வருது, மெதுவா ஒரு பியானோ, பின்னாடி அருவிச் சத்தம், ரெண்டு குருவி, ஸ்க்ரீன்ல பைபிளோட சங்கீதப் புத்தகத்துலேர்ந்து ஒரு வசனம். கேக்குறவங்களுக்கு ஆறுதலா இருந்தா சந்தோஷம்தான். ஆனா வேதமும் இயற்கையும் இசையில சேர்ந்தாலே இப்படித்தான் இருக்கணும்னு ஆயிப்போச்சு பாருங்க, அதை என்னால ஏத்துக்கவே முடியல. சங்கீதத்துல அழுகை இருக்கு, கோபம் இருக்கு. யோபு புத்தகம் பூரா ஒரு மனுஷனோட கதறல். அதெல்லாம் எங்க போச்சு?

ஒலிவியே மெசியான்னு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர், 1992ல இறந்தார், பாரிஸ்ல ஒரு கத்தோலிக்க கோயில்ல அறுபது வருஷத்துக்கு மேல ஆர்கன் வாசிச்சவர். நோட்டும் பென்சிலுமா காட்டுக்குப் போய் பறவைங்க பாடுறத ஸ்வரம் ஸ்வரமா எழுதிட்டு வருவார், அதுங்களோட வேகத்துக்கும் உச்ச ஸ்தாயிக்கும் நம்ம வாத்தியங்கள் ஈடுகொடுக்காதுன்னு வேகத்தைக் குறைச்சு ஸ்தாயியை இறக்கி எழுதுவார். அவருக்குப் பறவை பின்னணிச் சத்தம் கிடையாது, அதுதான் பாடகர்.

1972ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து பிரைஸ் கேன்யனைப் போய்ப் பார்த்துட்டு, 'பள்ளத்தாக்குகளிலிருந்து நட்சத்திரங்களுக்கு'ன்னு 12 பகுதி உள்ள ஒரு படைப்பை 1974ல முடிச்சார். காத்து சத்தத்துக்கு ஒரு மெஷின், மண்ணோட சத்தத்துக்கு அவரே யோசிச்சு செஞ்ச ஒரு மேளம், உள்ள ஈயக்குண்டு போட்டு உருட்டுறது. அந்தப் படைப்புல ஆறாவது பகுதி தனி ஹார்ன், அதாவது ஊதி வாசிக்கிற ஒரு பித்தளை வாத்தியம், கூட வேற எதுவுமே இல்ல. 1971ல சின்ன வயசுல செத்துப்போன ஒரு இசையமைப்பாளர் நினைவா முதல்ல எழுதினது அது. அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட வசனங்களைப் பாருங்க: ஒண்ணு 147ஆம் சங்கீதம், நொறுங்குண்ட இருதயங்களைக் குணமாக்கி நட்சத்திரங்களை எண்ணிப் பேர் சொல்லிக் கூப்பிடுற கடவுள், இன்னொண்ணு யோபு 16, "பூமியே, என் இரத்தத்தை மூடிப்போடாதே". ஹார்ன் கூப்பிடுது, நிறுத்துது, பதில் வரல, மறுபடி கூப்பிடுது, குரல் உடைஞ்சு கிழிஞ்ச மாதிரி ஒரு சத்தம் வருது. ஆறுதலும் கதறலும் ஒரே மூச்சுல. ஜெபம்னா இதுதான்னு எனக்குத் தோணும்.

நம்ம பசங்க கிட்ட திறமை இல்லாம இல்ல, கீபோர்டுல அத்தனை அழகா வாசிக்கிறாங்க. எங்கிருந்தோ டவுன்லோட் பண்ண குருவிச் சத்தத்தை விட்டுட்டு, விடியக்காலைல வெளியே போய் ஒரு செம்போத்தையோ குயிலையோ காது கொடுத்துக் கேட்டு எழுதலாமே, ஆறுதல் வசனத்தோட நிக்காம புலம்பல் வசனத்தையும் எடுக்கலாமே.

ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 1941 ஜனவரி 15, கெர்லிட்ஸ் ஊர்ல ஜெர்மன்காரங்களோட போர்க்கைதி முகாம். பைபிளோட கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தோட பத்தாம் அதிகாரத்தை வச்சு இதே மெசியான் கைதியா இருந்தபடியே எழுதினதை, கூட இருந்த மூணு கைதிகளோட சேர்ந்து அங்கேயே வாசிச்சார். கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ, கையில கிடைச்சது அவ்வளவுதான். அந்தக் குளிர்ல கைதிகளும் காவலுக்கு நின்னவங்களும் ஒண்ணா உக்காந்து கேட்டாங்க.