வாழ்த்துச் சொல்லவும் உரிமை, சொல்லாதிருக்கவும் உரிமை

டிசம்பர் பிறந்தவுடன் எங்கள் சபையின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேரல் பயிற்சிக்கான அட்டவணை வருவதற்கு முன்பே அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் சண்டை வந்து சேர்ந்துவிடுகிறது. அங்கே கடைக்காரர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று சொல்லாமல் விடுமுறைக்கால வாழ்த்து என்று பொதுவாகச் சொல்கிறார்களாம். ஆகவே கிறிஸ்துமஸ் மீது போர் தொடுக்கப்பட்டிருக்கிறதாம். 2015-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன் காகிதக் கோப்பையை வழக்கமான பனிப்பூ, மான் படங்கள் இல்லாமல் வெறும் சிவப்பு நிறத்தில் வெளியிட்டதற்கு எழுந்த கூச்சல் இன்னமும் புதுச் செய்தி போலச் சுற்றி வருகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்து, தலைமுறைகளாக இந்த மலேசிய மண்ணில் சிறுபான்மையினராக வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாம், டெக்சாஸில் இருப்பவரின் கோபத்தை எதற்காக இரவல் வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அந்தச் சண்டையின் வரலாறு தெரிந்தால் கோபம் சற்றுத் தணியும். 1659-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டவர்கள் நாத்திகர்களோ வேற்று மதத்தாரோ அல்லர். வேதத்தில் நாள் குறிப்பிடப்படாத ஒரு பண்டிகையைக் குடித்துக் கும்மாளமிட்டுக் கொண்டாடுவது பக்திக்கு ஒவ்வாது என்று உறுதியாக நம்பிய தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள். அந்தத் தடை 1681-இல் நீங்கியது; 1870-இல் கிறிஸ்துமஸ் அந்நாட்டின் அரசு விடுமுறையானது. பெரும்பான்மையினராக இருந்துகொண்டு, கடை ஊழியர் எல்லாருக்கும் பொதுவாக வாழ்த்துவதைத் துன்புறுத்தல் என்று அழைத்தால், உண்மையிலேயே துன்புறுகிறவர் சொல்வதற்கு வேறு சொல் மிஞ்சாது.

நம் நாட்டுக் கணக்கு வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு; அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலங்களின் பூர்வகுடியினர். மலாய் மொழியில் வழிபடும் அவர்கள் இறைவனை அல்லாஹ் என்று அழைப்பது பற்றிய வழக்கில் கத்தோலிக்க வார இதழான தி ஹெரால்டுக்குச் சாதகமாக உயர் நீதிமன்றம் 2009 டிசம்பர் 31-இல் தீர்ப்பளித்தது. கிறிஸ்துமஸ் அலங்காரங்களைக் கழற்றி வைக்கும் நேரத்தில், 2010 ஜனவரி 8-ஆம் தேதி, தேசா மெலாவத்தியில் இருந்த மெட்ரோ டேபர்னாக்கிள் தேவாலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அந்த நாள்களில் முஸ்லிம் அமைப்புகள் சில தேவாலயங்களுக்குக் காவல் நிற்க முன்வந்ததையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து என்ற பெண்மணியிடமிருந்து 2008-இல் சிப்பாங் விமான முனையத்தில் அல்லாஹ் என்ற சொல் இடம்பெற்ற 8 குறுந்தகடுகள் பறிமுதல் செய்யப்பட்டன. அதே சொல்லைத் தம் சமயக் கல்விக்குப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2021 மார்ச் மாதம் ஆகிவிட்டது. தமிழ் வழிபாட்டில் அந்தச் சொல் வராது என்பதால் இதெல்லாம் நம் பிரச்சினை அல்ல என்று நம் மக்கள் பலர் ஒதுங்கி நின்றார்கள். பாதிரியார் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா சாலையில் பட்டப்பகலில் கடத்தப்பட்டதையும், அதைக் காவல்துறையின் சிறப்புப் பிரிவே செய்தது என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019-இல் முடிவு சொன்னதையும்கூட நம் குழுவில் அமெரிக்கக் கோப்பையின் அளவுக்கு யாரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, இந்த நாட்டில் நல்லெண்ணமே இல்லை என்று எவரேனும் முடிவுகட்டினால் அதுவும் பொய். எங்கள் அடுக்குமாடியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்ன சமைப்பது என்பதை முடிவு செய்வதே அண்டை வீட்டார்தான். மாட்டிறைச்சி வைத்தால் கீழ்வீட்டு அக்காள் சாப்பிடமாட்டார். பன்றி இறைச்சி வைத்தால் எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் வாசலிலேயே தயங்கி நிற்கும். ஆகவே ஹலால் கடையில் வாங்கிய கோழிப் பிரட்டல், ஆட்டுக்கறிக் குழம்பு, சைவக்காரருக்குத் தனியாகப் பருப்பும் உருளைக்கிழங்கும், எவருக்கும் மனச்சங்கடம் வராதபடி காகிதத் தட்டு. ரம்மில் ஊறிய பழக் கேக் மட்டும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒளிந்திருக்கும். அதைத் தேடி வரும் மாமாக்களுக்கு வழி தெரியும். அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் கீழ்வீட்டு அக்காளின் கைவண்ணம்; தீபாவளிக்குச் சுட்டபோதே எங்களுக்கென்று ஒரு டின் எடுத்து வைத்துவிடுவார். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டிலிருந்து வரும் ரெண்டாங் இறைச்சிக் கறி, காகிதத் தட்டில் அல்ல, அவர்களுடைய நல்ல பீங்கான் பாத்திரத்திலேயே வரும். அதை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

ஆனால் நல்லெண்ணத்தையும் உரிமையையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எதிர்வீட்டார் அன்பாக இருப்பது அவர்களுடைய பண்பு. அவர்கள் வீடு மாறிப் போனால் அதுவும் அவர்களோடு போய்விடும். நான் வழிபடுவது எவருடைய அன்பையும் நம்பி நிற்கக் கூடாது. கூட்டரசு அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு இஸ்லாமைக் கூட்டரசின் சமயம் என்று அறிவிக்கும் அதே வாக்கியத்தில், பிற சமயங்களையும் அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்கிறது. 11-ஆவது பிரிவு அதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்ற வரம்பும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அந்த வரம்பை ஒப்புக்கொண்டு வாழும் நம்மிடம், 2015-இல் தாமான் மேடானில் நடந்ததைப் போல, கடைவீட்டு மாடியின் சுவரில் ஒரு சிலுவை தெரிவதே ஆத்திரமூட்டும் செயல் என்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை. அங்கே ஏறத்தாழ 50 பேர் கூடி எதிர்த்தார்கள், சபையார் சிலுவையை இறக்கிவிட்டார்கள். இணக்கம் என்ற பெயரில் விட்டுக்கொடுப்பது எப்போதும் எண்ணிக்கையில் குறைந்தவர்தான்.

இனி, நம் பக்கத்தவருக்குக் கசக்கும் ஒன்று. ஹலால் சான்றிதழ் பெற்ற கேக் கடைகளில் கிறிஸ்துமஸ் வாழ்த்தை எழுதிக் காட்சிக்கு வைக்கலாமா என்ற விவாதம் எழுந்தபோது நம்மவர்கள் கொதித்தார்கள். ஓர் அதிகாரியின் சுற்றறிக்கை ஒரு வாழ்த்தைத் தடுக்குமானால் அது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சக ஊழியரான ஒரு முஸ்லிம் பெண், கிறிஸ்து இறைமகன் என்பதைத் தன் நம்பிக்கை ஏற்காததால் அந்த வாழ்த்தைச் சொல்லத் தயங்குகிறேன் என்றால், அவரை வெறுப்பாளர் என்று முத்திரை குத்த நமக்குத் தகுதி உண்டா? தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரம் வந்ததும், “படைச்சதா, படைக்காததா?” என்று வாசலிலேயே கேட்டுவிட்டு வாங்கும் வீடுகள் நம் சபைகளில் இல்லையா? படைத்ததை உண்ணமாட்டேன் என்பது அவர்களுடைய மனச்சாட்சி. அதை நான் மதிக்கிறேன், கேட்கும் விதத்தை மதிக்கவில்லை. கீழ்வீட்டு அக்காளைப் போன்றவர்கள் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டு, சாமிக்கு வைக்காததைத் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முஸ்லிம் அறிஞர்களிடையே இந்த வாழ்த்தை அனுமதிப்போரும் உண்டு, விலக்குவோரும் உண்டு. அது அவர்கள் வீட்டு விவாதம். சொல்லக் கூடாது என்று அரசு தடுப்பதும், சொல்லியே ஆக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் மனச்சாட்சிக்குள் ஒரே கையைத்தான் நீட்டுகின்றன. கட்டாயத்தின் பேரில் வரும் வாழ்த்தை வாங்கி வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

பெத்லகேம் கதையிலும் ஆட்சியாளருக்குத்தான் பயம். ஏரோது ஒரு குழந்தைக்கு அஞ்சிப் படையை அனுப்புகிறான். தாயும் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார்கள். சத்திரத்தில் இடமில்லாதவர்களின் பண்டிகையைக் கொண்டாடிக்கொண்டு, நம் தேவாலயத்துக்கு இடமில்லை என்பதற்கு மட்டும் வருந்தி, மற்றவர் ஆலயத்துக்கு இடமில்லாதபோது வாய் மூடி இருப்பது முறையாகாது. 2018-இல் சீபீல்டு மாரியம்மன் கோயில் கலவரத்தின்போதும், 2025-இல் மஸ்ஜித் இந்தியா சாலையின் பத்ரகாளியம்மன் கோயில் இடமாற்ற விவகாரத்தின்போதும் நம் சபைகளிலிருந்து கேட்ட குரல் மிக மெல்லியது.

கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புகளுக்கு எந்தக் கட்சியின் மக்கள் பிரதிநிதியும் தவறாமல் வருவார். கேக் வெட்டுவார், படமெடுப்பார், ஒற்றுமை பற்றிப் பேசுவார். 11-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவு, சமயக் குழுக்கள் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை அளிக்கிறது. கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தனை சபைகள் இன்னமும் ஏன் கடைவீட்டு மாடிகளிலும் தொழிற்சாலைக் கட்டடங்களிலும் கூடுகின்றன, புதிய வீடமைப்புத் திட்டங்களில் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் எத்தனை மனை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று இந்த ஆண்டு அவரிடம் கேளுங்கள். அவர் கேக் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டாலும் போதும்.