பூர்வீக சாபமும் பத்து சென்ட் நிலமும்

போன சனிக்கிழமை நடந்த கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தின் வீடியோவைப் பார்க்காதவர் நம்ம குமரி மாவட்டத்தில் இனி இருக்க மாட்டார். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பையனை மேடைக்குக் கூப்பிட்டு, "உன் பாட்டா செய்த பாவம்தான் உன்னைக் குடிக்க வைக்குது" என்று ஊழியக்காரர் மைக்கில் சொன்னாரே, கீழே அவன் அம்மை முந்தானையால் முகத்தை மூடினாளே, அதற்கும் கூட்டம் அல்லேலூயா போட்டதே, அதைப் பற்றித்தான். முன்னோர் பாவம் சாபமாகப் பிள்ளைகளைப் பிடிக்கும், ஊழியக்காரர் எண்ணெய் பூசி ஜெபித்தால் முறியும் என்கிற 'பூர்வீக சாபம்' போதனை அது.

பாவம் தலைமுறை தாண்டி வருமா? வரும். எப்படி வருகிறது என்பதில்தான் தகராறு. பைபிளையே பாருங்கள். ஆபிரகாம் மனைவியைத் தங்கை என்று எகிப்தில் ஒருமுறை சொன்னான், கேராரில் ஒருமுறை சொன்னான். ஈசாக்கும் அதே கேராரில் நின்றுகொண்டு ரெபெக்காளைச் சகோதரி என்கிறான். யாக்கோபு ஆட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக் கண் மங்கின அப்பனை ஏமாற்றினான். அவன் பிள்ளைகள் ஆட்டு ரத்தத்தில் தோய்த்த அங்கியைக் காட்டி அவனையே ஏமாற்றினார்கள். இதில் எந்தப் பிசாசும் வரவில்லை. வீட்டில் புழங்கினதைப் பிள்ளை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

உடனே ஒருத்தர் வருவார்: "அப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பேன் என்று கடவுள் சொல்கிறாரே, அப்போ யாத்திராகமம் 20:5 பொய்யா?" பொய்யில்லை அண்ணாச்சி, முழுசா வாசியுங்கள். "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று அங்கேயே இருக்கிறது. மூன்றாம் நான்காம் தலைமுறை என்பது ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து வாழக்கூடிய கூட்டம்: பூட்டன், பாட்டா, அப்பன், பிள்ளை. அடுத்த வசனத்தில் இரக்கத்துக்கு ஆயிரம் தலைமுறை. மூன்று நான்கைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் அந்த ஆயிரத்தை ஏன் விழுங்கிவிட்டார்கள்? எசேக்கியேல் 18-ஐயும் ஒருதரம் திறங்கள். நீதிமான் அப்பன், கொள்ளைக்கார மகன், நீதிமான் பேரன் என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, அப்பனுடைய அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்று முடிக்கிறார். பேரன் தப்பித்தது எப்படி? அப்பன் செய்ததைக் கண்ணால் பார்த்து, அதைச் செய்யாமல் இருந்தான். எண்ணெய் பூசினதாக அங்கே எழுதியில்லை.

யூதா ராஜாக்களைப் பாருங்கள். ஆகாஸ் மோசம், மகன் எசேக்கியா நல்லவன், அவன் மகன் மனாசே படுமோசம், ஆமோன் அதே வழி, எட்டு வயசில் ராஜாவான யோசியா நல்லவன். ரத்தத்தில் சாபம் ஓடினால் கணக்கு இப்படியா வரும்?

"அபிஷேகம் பெற்றவரைக் குறை சொல்லாதே" என்பீர்கள். சரி, சொல்லவில்லை. அந்த அம்மையின் முந்தானையை மட்டும் சொல்கிறேன்.

விசுவாசமும் இதே பாதையில்தான் இறங்குகிறது. பவுலின் சீடன் தீமோத்தேயுவின் அப்பன் கிரேக்கன். பாட்டி லோவிசாளும் அம்மை ஐனிக்கேயாளும் வீட்டுக்குள் கொடுத்ததுதான் அவனுக்கு நின்றது. நம் வீடுகளில் அது எங்கே அறுந்துபோகிறது தெரியுமா? ராத்திரி குடும்ப ஜெபத்தில்தான். கீர்த்தனையில் இரண்டு சரணம், அரை அதிகாரம், ஆளுக்கு இரண்டு வசனம், மூன்று நிமிஷ ஜெபம். பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டியது. அப்பன் அதை நாற்பதாக்கி, "ஆண்டவரே, இந்தப் பயலுக்குப் படிக்கிற புத்தியைக் கொடும், போனைத் தூக்கி எறியப் பண்ணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பையனைத் திட்டுவார். ஏசுவதற்குக் கடவுளைச் சாட்சி வைத்தால் பதினைந்து வயசில் பையன் எழும்பிப் போகாமல் என்ன செய்வான்? ஜெபத்தை ஒருநாள் அவன் கையில் கொடுங்கள். தப்பாக ஜெபித்தாலும் திருத்தாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே போதும்.

இனி சாபம் முறிக்க இந்தக் கூட்டங்களில் நிரப்பக் கொடுக்கிற படிவம். முன்னோர் மாந்திரீகம் செய்தார்களா, தற்கொலை உண்டா, குலதெய்வம் எது, எல்லாம் கேட்டிருக்கிறது. சீதனம் எத்தனை பவுன் வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. மகள்களுக்குப் பங்கு கொடுத்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் காணிக்கைப் பெட்டி என்னாவது!

நாம் 1956 வரை திருவிதாங்கூர்க்காரர்கள். 1916-ல் அங்கே வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், உயில் இல்லாமல் அப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. கேரளத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்றது. அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகள் எல்லாருக்கும் சமம். அப்புறமும் நடப்பது என்ன? அப்பன் அடக்கம் முடிந்து நாற்பது நாள் ஆகும் முன்னே, "நகை போட்டுத்தானே கெட்டிக் குடுத்தோம்" என்று அக்காவைப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போய் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. அதை வாசலில் நின்று பார்க்கிற பேரன் பாடம் படித்துவிட்டான். இதுதான் ஐயா பூர்வீகம்.

முறிக்கவும் வழி எழுதியிருக்கிறது. எண்ணாகமம் 5:7: பாவத்தை அறிக்கையிட வேண்டும், எடுத்த முதலைத் திருப்ப வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். அக்காவுக்குச் சேர வேண்டியது பத்து சென்ட் என்றால் பன்னிரண்டு சென்டாக எழுதிக் கொடுங்கள். பத்திரச் செலவும் உங்களுடையது. "அவளே வேண்டாம்னுதான் சொன்னா" என்கிறவர்களுக்கு: உங்கள் முன்னாடி, உங்கள் வீட்டில், உங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது வேறு என்ன சொல்வாள்?

"சாபமே இல்லையா?" என்று இன்னும் கேட்பவர்களுக்கு கலாத்தியர் 3:13. கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று ஞாயிறு தவறாமல் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சாபம் முறிக்க டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கிறோம்.

இந்த ஞாயிறு அந்தப் பையன் கோயிலுக்கு வரவில்லை. அம்மை வந்தாள். எப்போதும் மூன்றாவது பெஞ்சில் இருப்பவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். ஆசீர்வாதம் கூறி முடிக்கும் முன்னே செருப்பை மாட்டிவிட்டாள், அசனத்துக்கு, அதுதான் கோயில் சாப்பாட்டுக்கு, நிற்கவில்லை.