என்ன போட்டுட்டு வரணும்னு முன்னாடியே சொன்னா குடியா முழுகிடும்?

போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்க எல்லாருக்கும் சேத்து ஒரே கேள்வி. போன்ல புக் பண்ணும்போது எத்தன காப்பி வேணும், சாஃப்ட் காப்பி வேணுமா, கேஷா ஜிபேவான்னு அத்தனையும் கேக்கத் தெரியுதுல்ல, "எந்த ட்ரெஸ்ல வர்றீங்க"ன்னு ஒரு வார்த்த கேக்க மட்டும் ஏன் வாய் வரமாட்டேங்குது? நேர்ல போயி லைட்டுக்கு முன்னாடி உக்காந்தப்புறம்தான் "அடடா, இது செட்டாவாதே மேடம்"னு உச்சு கொட்டுறது.

எங்க ஆபீஸ் மெட்ராஸ்ல, நான் ஆடுதுறையில வீட்லேந்தே வேல பாக்குறேன். புது வெப்சைட்டுக்கு எல்லாரும் ஸ்டூடியோல எடுத்த போட்டோ அனுப்பணுமாம், பிசினஸ் பார்மல்ஸ்னு ஹெச்.ஆர்.லேந்து மெயில். அவ்ளோதான். சேலையா சுடிதாரா கோட்டா, ஒரு விவரமும் கெடையாது. ஆம்பளைங்களுக்கு என்ன, இருக்குற வெளிர்நீலச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டுனா முடிஞ்சுது. நாமதான் பீரோவத் தொறந்து வச்சுகிட்டு நிக்கணும், அதுல வீட்ல ஆளாளுக்கு ஒரு சட்டம் வேற. பட்டுதான் லட்சணம்ங்குறாங்க அம்மா, வெள்ள போட்டா பளிச்சுன்னு இருக்கும்ங்குறாங்க சித்தி, கருப்புல ஒல்லியா தெரிவங்குறா தங்கச்சி.

நான் எடுத்தது கொரநாட்டுச் சேல. பட்டும் பருத்தியும் கலந்தது, பொடிக் கட்டம், கண்ண உறுத்துற மினுமினுப்பு இல்ல, ஆபீஸுக்கும் பொருத்தம். மடிப்பு எடுத்து பின்னு குத்தி, டவுன் பஸ் நெரிசல்ல அது கசங்காம கும்பகோணம் போய்ச் சேர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உக்கார சீட் கெடச்சும் உக்காரலங்க, கொசுவம் கசங்கிரும்னு.

ஸ்டூடியோக்கார அண்ணன் ஒரு படம் எடுத்தாரு, கம்ப்யூட்டர்ல போட்டாரு, பாத்தா தோளுகிட்டேந்து இடுப்பு வரைக்கும் தண்ணில எண்ண விட்டாப்ல கலர் கலரா அலை. எனக்கே பயமாப் போச்சு. "பொடிக் கட்டம் கேமராவுக்கு ஆகாது மேடம், உள்ள சென்சார்லயும் பொடிப் பொடியா கட்டம்தான், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா இப்டித்தான் கோடு விழும்"ங்குறாரு. இதுக்கு மோய்ரேன்னு பேரு கூட இருக்காம். பேரு வரைக்கும் தெரியுதுல்ல அண்ணே, முந்தாநேத்து போன் பண்ணப்ப அத சொன்னா என்ன? இதுல என்ன கொடுமைன்னா கொஞ்சம் கிட்டயோ தள்ளியோ நின்னு எடுத்தாலே அது கொறையுமாம், வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அவரு இருந்த எடத்த விட்டு ஒரு அடி நகரல.

சரின்னு பையில வச்சிருந்த திருபுவனம் பட்ட எடுத்தேன். ஜரிகைல ஃப்ளாஷ் பட்டா வெள்ள வெள்ளையா வெடிச்சிருமாம். 2019ல புவிசார் குறியீடு வாங்குன பட்டு, பஸ்ல வர்ற வழியெல்லாம் அந்தக் கட போர்டுதான், அதக் கட்டிகிட்டு பக்கத்து ஊர் ஸ்டூடியோல ஒரு படம் எடுக்க முடியாதாம்! கல்யாணத்துல மட்டும் எப்டிய்யா எடுக்குறீங்க? அடுத்து பச்ச சுடிதார். அதுவும் ஆகாது, பேக்ரவுண்ட வெட்டி மாத்துறதுக்குப் பின்னாடி பச்சத் துணிதான் கட்டிருக்காரு, அதுக்கு முன்னாடி பச்சையில நின்னா ஒடம்பும் சேந்து வெட்டுப்பட்டு தல மட்டும் தனியா நிக்குமாம். அந்தத் துணி நீலத்துலயும் வருமே, ஒண்ணு வாங்கி வைக்கக் கூடாதா?

கடைசில ஆணில தொங்குன கோட்ட எடுத்துகிட்டு வந்தாரு பாருங்க. ஐயோ. காலர்ல யாரோ போட்ட பவுடர் அப்டியே திட்டு திட்டா ஒட்டியிருக்கு, கக்கத்துல உப்புப் பூத்து வெள்ளக் கோடு, ஆம்பள சைஸு, அதனால முதுகுப் பக்கம் துணி காயப்போடுற கிளிப்ப மாட்டி டைட் பண்ணுவாராம். இந்த ஊர்ல பரீட்ச அப்ளிகேஷனுக்கும் ஜாதகத்துக்கும் போட்டோ எடுத்த பாதிப் பேரு அந்தக் கோட்டுக்குள்ளதான் இருந்திருப்பாங்க. ஜூன் 12 வந்து மேட்டூர் தொறக்குற வரைக்கும் காஞ்சு கெடக்குற ஊர்ல கோட்டு போட்டாதான் பார்மல்ஸ்னு யாரு முடிவு பண்ணது? எங்க ஹெச்.ஆர். மேடம்கூட ஏசி இல்லாத ரூம்ல ஒரு நிமிஷம் அதப் போட்டுட்டு இருக்கட்டும் பாப்போம்.

முடியாதுன்னுட்டேன். "அப்ப கம்ப்யூட்டர்ல கோட்டு ஒட்டிரலாம் மேடம்"னு சாம்பிள் காமிச்சாரு, எல்லாருக்கும் ஒரே கோட்டு, ஒரே தோளு, கழுத்து ஒரு பக்கம் தல ஒரு பக்கம். அதுல ஒருத்தங்களுக்கு தாலிச் சங்கிலி பாதில அறுந்து போயி டைக்குள்ள பூந்திருக்கு.

அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டாங்களாம். அடுத்த வாரம் வாங்க, ஃப்ரீயா எடுத்துத் தர்றேன்னாரு. சரிண்ணே, என்ன போட்டுட்டு வரணும்னு இப்பவே சொல்லிருங்கன்னேன்.

"எது போட்டாலும் ஓகேதான் மேடம், பாத்துக்கலாம்."