சிவப்புக் கொடியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

தாய்லாந்தின் புக்கெட் தீவில், படோங் கடற்கரையில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றித்தான். இந்நேரம் அதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் நான் இங்கே இணைக்கப் போவதில்லை. கரையில் சிவப்புக் கொடி, விசில் ஊதிக்கொண்டே ஓடி வரும் லைஃப் கார்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று அவருக்குக் கையசைத்துச் சிரிக்கும் நம் ஊர்க் கூட்டம். படம் எடுப்பவரின் குரல் வேறு, "ஊதட்டும் விடு" என்று. 'இது உயிரோடு விளையாடும் வேலை, கொண்டாடாதீர்கள்' என்று கீழே ஒரு வரி எழுதினேன். என்ன பதில் வந்தது என்று உங்களுக்கே தெரியும். பயந்தாங்கொள்ளி, பூமர், வீட்டுத் தொட்டியில் குளிக்கச் சொல்லுங்கள் என்று. சரி, ஒரு வரியில் புரியவில்லை என்றால் நீளமாகவே எழுதுகிறேன்.

சிவப்புக் கொடி நட்டிருந்தால் கடலில் இறங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். முழங்கால் வரைக்கும்தான் என்றாலும், குழந்தை அடம்பிடித்தாலும், நாளைக் காலையில் ஃப்ளைட் என்றாலும் இறங்கக் கூடாது.

படோங், கரோன், கட்டா, சுரின், நாய் ஹார்ன் என்று புக்கெட்டில் நம்மவர்கள் போகிற கடற்கரைகள் எல்லாம் தீவின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலைப் பார்த்து இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அடிக்கும். அலை கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால், அந்த வழியாக மடை திறந்த வாய்க்கால் மாதிரி கடலை நோக்கி ஓடும். ரிப் கரண்ட் என்பது அதுதான். அந்தப் பள்ளத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டுக் கடல் மட்டும் அமைதியாகத் தெரியும். குழந்தையை அழைத்து வரும் அம்மா அப்பா, 'இங்கே அலை இல்லை, இங்கேயே நில்' என்று காட்டுவது அந்த இடத்தைத்தான். கரையில் நிற்கும் நமக்கு இது தெரியாது. தினமும் அதே தண்ணீரைப் பார்க்கும் லைஃப் கார்டுக்குத் தெரியும். அவர் பார்த்துச் சொல்வதுதான் அந்தக் கொடி. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் குளிக்கலாம், அங்கே அவர்கள் கண் இருக்கும். வெறும் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது.

'எனக்கு நீச்சல் தெரியும்' என்று எழுதியவர்களுக்கு என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். குளித்தலைக்காரர். காவிரியில் வெள்ளம் போகும்போதே அக்கரை போய் வந்தவர் என்று அவர்கள் ஊரில் இன்றும் பேசுவார்கள். குடும்பமாகப் போயிருந்தபோது, கரோனில் கொடி நட்டிருந்தது. "மாப்பிள்ளை, வேண்டாம்" என்றேன். "முழங்கால் தண்ணிதான் மச்சான், காலை நனைச்சிட்டு வந்துடறேன்" என்றார். நான் தங்கை மகளுக்கு இளநீர் வாங்கித் திரும்புவதற்குள் அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது. கரையைப் பார்த்து நீந்துகிறார், நீந்துகிறார், ஆனால் தூரமாகிக்கொண்டே போகிறார். ஆற்றில் இழுத்தால் எங்காவது கரை வரும். கடலில் இழுத்தால் எதிரே என்ன இருக்கிறது? அவர் செய்த தவறு நீச்சல் தெரிந்த எல்லோரும் செய்வது. இழுப்புக்கு எதிராகக் கரையை நோக்கி முழு பலத்தோடு நீந்துவது. அதில் மூச்சு போய்விடும். மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

அவரைத் தூக்கி வந்தவர் ஒல்லியான ஒரு பையன். காலில் துடுப்புச் செருப்பு, தோளில் மிதவை. கரையில் கிடத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி எடுத்து முடிக்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். என் தங்கை அவன் காலில் விழப் போனாள். அவன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து கும்பிட்டான். வீடியோவில் நீங்கள் பார்த்துச் சிரித்தது அப்படி ஒரு பையனைத்தான். எனக்கு ஏன் வலிக்கிறது என்று இப்போதாவது தெரிகிறதா?

'தாய்லாந்துக்காரர்களே குளிக்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தக் கடற்கரையில், எந்த மாதத்தில், எந்தக் கொடிக்குக் கீழே என்று கேட்டேன். பதில் இல்லை. 'காசு கொடுத்துப் போயிருக்கிறோம்' என்று இன்னொருவர். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

'ஆபத்து எங்கேதான் இல்லை, இங்கே மெரினாவில் சாகவில்லையா' என்ற கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மெரினாவிலும் இதே இழுப்புதான் ஆளைக் கொண்டுபோகிறது. ஆனால் இங்கே ஏதாவது ஆனால் ஓடி வர நாலு பேர் இருக்கிறார்கள், மொழி தெரியும், ஆஸ்பத்திரி எங்கே என்று தெரியும். அங்கே? ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155. சிரித்த கூட்டத்தில் எத்தனை பேர் போனில் இந்த எண்கள் இருந்திருக்கும்?

அப்புறம் விமானம். 'கடலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம், பேச்சை மாற்றாதே' என்று சொல்வீர்கள். நான் மாற்றவில்லை. இரண்டிலும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தவர் சொன்னால் கேட்க வேண்டும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கி, பாங்காக் சுவர்ணபூமியில் அவசரமாக இறங்கியது ஞாபகம் இருக்கும். காலை உணவு கொடுத்துக்கொண்டிருந்த நேரம். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பிலும் தலையிலும் அடி. சிங்கப்பூர் விசாரணை அமைப்பின் முதல்கட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 4.6 விநாடிகளில் விமானம் 178 அடி கீழே போயிருக்கிறது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு, திரும்பக் கீழே விழுந்திருக்கிறார்கள். பெல்ட் விளக்கு எரிகிறது என்று விமானி அறையில் குரல் பதிவானதற்கும் அந்த அடிக்கும் நடுவே சுமார் 8 விநாடிதான். விளக்கு எரிந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் நேரம் பத்தாது. உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இடுப்பில் இருக்க வேண்டும், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும்.

மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு நாங்கள் திரும்பிய விமானத்தில் என்ன நடந்தது தெரியுமா? வங்காள விரிகுடா மேலே மழைக்காலத்தில் குலுங்காமல் வருமா? குலுங்கியது. விளக்கு எரிகிறது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் எழுந்து, மேலே இருக்கும் பெட்டியைத் திறந்து, டியூட்டி ஃப்ரீ பையைத் தேடுகிறார். பணிப்பெண் தன் இருக்கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கெஞ்சுகிறாள். அவளுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் அவளைப் பற்றி இவர் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. நாலு வரிசை சிரித்தது. என் பக்கத்து இருக்கைப் பையன் போர்வைக்குள் பவர் பேங்க்கை வைத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நிற்கும்போதே எரிந்தது. பவர் பேங்க்கிலிருந்து தீ வந்திருக்கலாம் என்றது விசாரணை. மார்ச் 15 முதல் தாய் ஏர்வேஸ் வானத்தில் பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே கூடாது என்று விதி போட்டது. விதி போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்கிறீர்களா?

'அங்கே அரசாங்கமே சரியில்லை, நீ பயணிகளை மட்டும் திட்டுகிறாய்' என்பவர்களுக்கு: தாய்லாந்து குற்றமற்ற நாடு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 2007 செப்டம்பர் 16 அன்று புக்கெட்டில் மழையில் இறங்க முயன்ற ஒன் டூ கோ விமானம் நொறுங்கி 90 பேர் போனார்கள். 2018 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸ் என்ற படகு புக்கெட் அருகே புயல் அலையில் கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்த நாள் அது. 2015இல் பன்னாட்டு விமான அமைப்பான ஐகாவோ தாய்லாந்தின் கண்காணிப்பு போதாது என்று தன் தளத்தில் அந்த நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடியே போட்டது. அவர்கள் புதிதாக ஒரு விமானப் போக்குவரத்து ஆணையம் அமைத்து, தங்கள் விமான நிறுவனங்களுக்கு மறுபடியும் சோதனை வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2017 அக்டோபரில் கொடி இறங்கியது. அமெரிக்காவும் தாய்லாந்தின் விமானப் பாதுகாப்புத் தரத்தைக் குறைத்திருந்தது, அதைத் தாய்லாந்து மீட்க 2025 ஏப்ரல் ஆனது. ஒரு நாடே கொடிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. நம்மால் ஒரு சாயங்காலம் கடலில் இறங்காமல் இருக்க முடியவில்லை.

எச்சரிப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிய வேண்டுமானால் ஸ்மித் தம்மசரோஜ் பற்றித் தேடிப் படியுங்கள். தாய்லாந்து வானிலைத் துறைத் தலைவராக இருந்தவர். தென்மேற்குக் கரைக்குச் சுனாமி வரலாம் என்று 1998இலேயே சொன்னார். சுற்றுலாவைக் கெடுக்கிறார் என்று அவர் மேல்தான் பாய்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று காவ் லாக்கிலும் படோங்கிலும் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்டில் மட்டும் 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள், ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டுப் பயணிகள். அதன்பிறகு அவரையே கூப்பிட்டு எச்சரிக்கை மையம் அமைக்கச் சொன்னார்கள். அதே காலையில் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் நாம் யாரை யாரை இழந்தோம்? கடல் பின்வாங்கியதைப் பார்க்க இறங்கி நடந்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். அதே நேரத்தில் புக்கெட் விமான நிலையத்தை ஒட்டிய மாய் காவ் கடற்கரையில், 10 வயது இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி பள்ளியில் படித்ததை ஞாபகம் வைத்துக் கத்தினாள். பெரியவர்கள் அவளைக் கேலி செய்யாமல் கேட்டார்கள். அந்தக் கடற்கரையில் நின்றவர்கள் பிழைத்தார்கள். அவளிடம் யாராவது 'வீட்டுத் தொட்டியில் குளி' என்று சொல்லியிருந்தால்?

கோபம் எங்கேயோ போகிறது என்று தெரிகிறது. போகட்டும். ஏனென்றால் உண்மையில் என் கோபம் அந்த வீடியோக் கூட்டத்தின் மேல் பாதிதான். மீதி, அவர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியவர்கள் மேல். ஜூன், ஜூலையில் புக்கெட் பேக்கேஜ் ஏன் மலிவாகிறது? மழை, காற்று, கொந்தளிக்கும் கடல், அதனால்தான். இதை எத்தனை ஏற்பாட்டாளர்கள் நோட்டீசில் போடுகிறார்கள்? படம் மட்டும் நீலக் கடல், வெள்ளை மணல். எங்களைக் கூட்டிப்போனவரிடம், மாப்பிள்ளை பிழைத்த அன்று இரவு, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தோளில் கைபோட்டு, "சார், இதை வெளிய சொல்லாதீங்க, அடுத்த பேட்ச் கேன்சல் ஆயிடும்" என்றார். என் தங்கை பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தாள்.

'நீ சொல்வதைப் பார்த்தால் யாரும் தாய்லாந்து போகவே கூடாது' என்பீர்கள். போங்கள். நல்ல ஊர், நல்ல மனிதர்கள், நாங்களும் மறுபடி போவோம். ஜூலையில்தான் விடுமுறை என்றால் கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கம் கோ சமுய் தீவுக்குப் போகலாம், அந்த மாதங்களில் அங்கே கடல் பொதுவாகச் சாந்தமாக இருக்கும். அங்கே பெட்டி ஜெல்லி மீன் உண்டு, கொட்டினால் ஊற்றுவதற்குக் கடற்கரையிலேயே கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். அது எதற்கென்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

என் நட்புப் பட்டியலில் டூர் ஏற்பாடு செய்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள், நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்த மழைக்கால நோட்டீசில் 'கடலில் சிவப்புக் கொடி இருந்தால் குளிக்க முடியாது' என்று ஒரே ஒரு வரி சேர்த்து எனக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம், இதே பக்கத்தில் நானே பகிர்கிறேன்.